அழச் சொல்லி உத்தரவு வந்த மாதம்

பெரியவர் என்று நாங்கள் சொல்கிற ஜனாதிபதி செத்துப்போனது ரேடியோ சொல்வதற்கு ஒரு நாள் முன்பே எங்கள் காயல்கரை ஊரான அவேகோவின் சந்தைக்குத் தெரிந்துவிட்டது. காலைச் செய்திக்குப் பதிலாகத் தேவாலயப் பாட்டுப் போட்டார்கள். மத்தியானமும் அதே பாட்டு, சாயங்காலமும் அதே. "ரேடியோவுக்கு வயித்துக்கட்டு. என்னத்தையோ வெளியேத்த மாட்டாமக் கெடந்து முக்குது" என்றாள் ஒரு மிளகாய்க்காரி. சொன்னதும் தானே வாயைப் பொத்திக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தாள். முப்பத்தேழு வருஷத்துப் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா என்ன.

மறுநாள் சொன்னார்கள். சொன்ன கையோடு உத்தரவும் வந்தது. முப்பது நாள் துக்கம். கல்யாணம் கூடாது, கொட்டு கூடாது, கள்ளுக்கடை திறக்கக் கூடாது. நாட்டில் வேறு எந்த வீட்டிலும் சாவுச் சடங்கு நடக்கக் கூடாது. பெரியவர் மண்ணுக்குள் போகிறவரை மற்ற பிணங்கள் காத்திருக்க வேண்டும். தினமும் காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியதும் வீட்டுக்கு வீடு உட்கார்ந்து அரைமணி நேரம் அழ வேண்டும். அழுகிறார்களா என்று பார்க்கக் கட்சியின் மகளிர் அணி தெருத்தெருவாக வரும். சாவதற்குக்கூட நேரம் காலம் பார்க்க வேண்டிய ஊராகிவிட்டது எங்கள் ஊர்.

நிஜமாகவே அழுதவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொன்னால் பொய். இளம் கேப்டனாக நாலு லாரிச் சிப்பாய்களோடு விடிகாலையில் தலைநகருக்குள் நுழைந்து, ஆறே மாசம், நாட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு முகாமுக்குத் திரும்பிவிடுவேன் என்று சொன்னவர் அவர். பெருக்கினார், பெருக்கினார், முப்பத்தேழு வருஷமாகப் பெருக்கி முடியவில்லை. தார்ரோடு போட்டார். காயலுக்குக் குறுக்கே பாலம் கட்டினார். அவேகோவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டடம் கொடுத்தார். டாக்டரைக் கொடுக்க மறந்துவிட்டார். நோட்டுப் புத்தகத்து அட்டையிலும் காசிலும் தீப்பெட்டியிலும் அவர் முகம்தான். நாற்பது வயசுக்குக் கீழே இருக்கிற யாருக்கும் இன்னொரு ஜனாதிபதியின் மூக்கு எப்படி இருக்கும் என்று தெரியாது. பழகிய முகம் திடீரென்று இல்லை என்றால் கொஞ்சம் கண் கலங்கத்தான் செய்யும்.

தையல்காரி யாவாவுக்கு அழக்கூட நேரமில்லை. மகளிர் அணித் தலைவி அஜோவா நாற்பது பேருக்கான துக்கத் துணியை அனுப்பியிருந்தாள். கறுப்புத் துணியில் வெள்ளையாக அச்சடித்த பெரியவர் முகம், சாப்பாட்டுத் தட்டளவு பெரிய முகம். பத்து நாளில் நாற்பது உடுப்பும் வேண்டும்.

முகத்துணி வெட்டுவது மற்ற துணி வெட்டுவது மாதிரி இல்லை. கண்ணில் தையல் ஓடக் கூடாது. கழுத்தில் கத்திரி படக் கூடாது. முகம் தலைகீழாக வரக் கூடாது, கக்கத்துக்குள் போகக் கூடாது. எல்லாவற்றையும்விட, உட்காருகிற இடத்தில் வரவே கூடாது. அதனால் எங்கள் கரைத் தையல்காரர்கள் முதலில் சாக்கட்டியால் முகங்களைச் சுற்றி வட்டம் போடுவார்கள். அதற்கப்புறம்தான் அளவு நாடாவை எடுப்பார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் "முகத்துக்கு உடம்பு தேடுறது." மெதுவாகத்தான் சொல்லிக்கொள்வார்கள்.

அன்றைக்கு யாவா பதினெட்டாவது உடுப்புக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது மகள் செனாமே வந்தாள். முப்பத்துநாலு வயசு. மீன் புகை போடுகிற அடுப்படியிலேயே நாள் முழுதும் கிடக்கிறவள்; அவள் வருவதற்கு முன்பே புகை வாசனை உள்ளே வந்துவிடும். ஒரு கையில் கீரைக்குழம்பு, ஒரு கையில் இலையில் சுற்றிய சோளக்களி.

"காலைலேர்ந்து ஏதாவது வயித்துல போட்டியா?"

"இதை வெட்டிட்டுத் திங்கிறேன்."

"வெட்டு, வெட்டு. உன் கை நிதானமான கை. அப்பா மாதிரிக் குடிச்சுட்டு வெட்டியிருந்தா இந்நேரம் இந்தத் தெருவே ஜெயிலுக்குப் போயிருக்கும்."

யாவா கத்திரியைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு இப்ப அந்தப் பேச்சு."

"பேசக் கூடாதா? ஒரு மனுஷன் ஒரு ராத்திரி ஒழுங்கா இருந்திருந்தா நான் டீச்சராகியிருப்பேன். இப்பப் பாரு, என் கண்ணுல புகை போயிப் போயி ராத்திரில ஒண்ணும் தெரியறதில்ல." செனாமே குழம்பை மேசை ஓரத்தில், துணியில் படாமல் வைத்தாள். "களி ஆறிடும். தின்னு."

இதைத்தான் யாவா இருபத்தேழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பெரியவர் ஆட்சிக்கு வந்த பத்தாம் ஆண்டு விழா. அஜோவா அப்போது இளம்பெண், மகளிர் அணியில் புதிதாகச் சேர்ந்தவள், நல்ல ஆகிருதி. அவளுக்கு ஒரு முகத்துணி உடுப்பு தைத்தார்கள். மேடையில் நாற்காலியில் அவள் உட்கார்ந்தபோது, பின்னாலிருந்த ஒரு அதிகாரி பார்த்துவிட்டான்: பெரியவரின் முகம் அவளுக்கு அடியில் இருந்தது. அன்று சாயங்காலமே ஜீப் வந்தது. யாவாவின் புருஷன் கொம்லான் தையல் மெஷினைவிட்டு எழுந்து, "நான்தான் வெட்டினேன். ராத்திரி குடிச்சிருந்தேன், கண்ணு தெரியல" என்று சொன்னான். ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவன் போனவன்தான்.

செனாமேவுக்கு அப்போது ஏழு வயசு. பள்ளிக்கூடத்தில் "முகத்து மேல உக்கார வச்சவன் மவ" என்றார்கள். அப்புறம் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றார்கள். அவள் அப்பாவைத் திட்டிக்கொண்டே வளர்ந்தாள்.

கொம்லான் வெட்டவில்லை. வெட்டியது யாவா. அந்த வீட்டில் எப்போதுமே வெட்டுவது அவள், தைப்பது அவன். இது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். முதல் வருஷம் பயத்தில் சொல்லவில்லை: அவளையும் கொண்டுபோனால் பிள்ளைக்கு யார்? மூணாம் வருஷம் வெட்கம். பத்தாம் வருஷம், ஏன் சொல்லவில்லை என்பதற்குக்கூட ஒரு காரணம் மிச்சமில்லை. சொல்லாமல் இருப்பதே ஒரு பழக்கமாகிவிட்டது. அவள் கொம்லானுடைய அப்பா கட்டிய வீட்டில் இருந்தாள், கொம்லானுடைய தம்பி டோசே அனுப்புகிற மரவள்ளி மாவைத் தின்றாள், மகள் அவனைத் திட்டும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காலை எட்டு மணிக்கு டோசே வந்தான். ஐம்பத்தைந்து வயசு, எதற்கும் சத்தமாகப் பேசுகிறவன். அன்றைக்கு மெதுவாகப் பேசினான். கூட ஒரு மனிதர் வந்திருந்தார். எலும்பும் தோலுமாக, பல்லில்லாமல், பெரிய ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"அண்ணி, உக்காருங்க மொதல்ல."

"நான் உக்காந்துதான் இருக்கேன். என்ன விஷயம்?"

"இவரு அயிதே. பக்கத்து ஊரு, லாரி டிரைவரா இருந்தவரு. பெரியவர் வண்டி வர்றப்போ ஓரங்கட்டலேன்னு பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. வடக்கு முகாம்ல இருந்து முந்தாநாள் வெளிய விட்டிருக்காங்க." "அண்ணன்கூட இருந்தவரு."

யாவா எழுந்தாள். அளவு நாடா கழுத்திலிருந்து நழுவி விழுந்தது. "உள்ள வாங்கண்ணே. ஏன் வெளிய நிக்கிறீங்க?"

"நான் வெறுங்கையா வரலம்மா" என்றார் அயிதே. "அவரும் வந்திருக்காரு. நீங்க கூப்பிடாம நான் வாசல் தாண்டக் கூடாது."

சட்டைக்குள்ளிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துணிச் சுருட்டை எடுத்தார். அழுக்கேறிக் கறுத்துப் போயிருந்தது. வெளியூரில் செத்தவன் உடம்பு வர முடியாவிட்டால் அவன் முடியும் நகமும் வர வேண்டும். அது எங்கள் கரை வழக்கம். அது வந்தால் ஆளே வந்த மாதிரி. பாயில் படுக்க வைத்து, பெயர் சொல்லி அழுது, மண்ணில் சேர்க்க வேண்டும். அது வராதவரை பொண்டாட்டி பொண்டாட்டியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை.

"எப்ப?" என்றாள் யாவா.

"பத்தொன்பது வருஷம் ஆச்சும்மா. இருமல். சாகறதுக்கு முந்தின நாள் தானே நகத்தை வெட்டினாரு, பல்லால. முடியை நான் எடுத்தேன். என் இடுப்புப் பட்டைக்குள்ள வச்சு அவரே தைச்சுக் குடுத்தாரு. கை நடுங்குது, ஆனா தையல் பிரியல பாருங்க. எத்தனை சோதனை போட்டானுங்க, ஒருத்தன் கைக்கும் அகப்படல."

செனாமே அடுப்படியிலிருந்து வந்து கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அவரைக் கொண்டுவந்தது சரி. இப்ப எங்க வைக்கிறது?" என்றாள்.

டோசேவுக்கும் அதுதான் கவலை. "மவ சொல்றது நியாயம். துக்கம் முடிய இன்னும் பதினேழு நாள் இருக்கு. வீட்டுச் சாவு கொண்டாடுனா என்னாகும்னு தெரியும்ல? அதுவும் எந்தச் சாவு. பேசாம என் தோட்டத்துல ஒரு பானைக்குள்ள வச்சு மூடி வைப்போம். பெரியவரப் பொதைச்சதும் எடுத்து முறையாப் பண்ணலாம்."

"வாசலுக்கு வந்தவரைத் தோட்டத்துக்குத் தள்ளுவியா நீ?"

"நான் தள்ளல அண்ணி. உத்தரவு தள்ளுது."

"வாசல் வந்த நகம் அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள உள்ள போகணும். உங்கப்பா சொல்லிக் குடுத்தது எனக்கு, உனக்கு மறந்துபோச்சா?"

டோசே தலையைச் சொறிந்தான். "பெரியவர் இருந்தவரைக்கும் நாட்டுல சண்டையில்ல சச்சரவில்லன்னு நான்கூட நல்ல வார்த்தை சொல்லியிருக்கேன். செத்தும் விட மாட்டேங்கிறானே மனுஷன். கொட்டு இல்லாம, அழாம, எப்படி அண்ணி அண்ணனை அனுப்புறது? ஊமையாவா அனுப்புறது?"

யாவா சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டரை.

"ஏன் ஊமையா? பத்து மணிக்கு ஊரே அழப்போகுது. நாமளும் அழுவோம். அழுறதுக்கு உத்தரவே இருக்கு. உள்ள பாயில யாரு படுத்திருக்கான்னு எவ வந்து பார்க்கப்போறா?"

டோசே சிரித்துவிட்டான், சிரித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பெரியவர் செலவுல அண்ணனுக்கு ஒப்பாரி. இருக்கட்டும். இவ்வளவு நாள் வச்சிருந்ததுக்கு அந்தாளு இதாவது செய்யட்டும்."

ஆனால் யாவாவுக்குப் பயம் வேறு ஒன்றில் இருந்தது. நகத்தைப் பாயில் வைத்ததும் வீட்டு ஆண்பிள்ளை மூணு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அதன் பிறகு பொண்டாட்டி எதிரில் உட்கார்ந்து வாயைத் திறக்க வேண்டும். புருஷனுக்கும் அவளுக்கும் நடுவில் ஊர் அறியாமல் எது இருந்தாலும் வீட்டார் காதுபடச் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் செத்தவன் வீட்டுக்குள் வர மாட்டான். மறைத்த பாரம் பிள்ளை தலையில் ஏறும். சிலபேர் "உனக்குத் தெரியாம ரெண்டு கோழி வித்தேன்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். யாவா என்ன சொல்வாள்? கோழி விற்றதைச் சொல்லலாம். சொல்லிவிட்டு, இருக்கிற ஒரு மகளோடு, இருக்கிற வீட்டில், மிச்ச நாளைத் தள்ளிவிடலாம். அல்லது உள்ளதைச் சொல்லலாம். சொன்னால் மகள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் கொம்லான் வாசலிலேயே நிற்பான், இன்னும் ஒரு இருபத்தேழு வருஷம்.

ஒரு மணி நேரத்தில் வேலையானது. செனாமே உள்ளறையைப் பெருக்கிப் பாய் விரித்தாள். டோசே பனஞ்சாராயப் புட்டி ஒன்றைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தான். யாவா சோளமாவைத் தண்ணீரில் கரைத்துச் சுரைக்குடுவையில் எடுத்துவைத்தாள். அயிதேவுக்குக் களியும் குழம்பும் கொடுத்தார்கள். அவர் ஒரு கையால் தின்றார், இன்னொரு கை அந்தச் சுருட்டைவிட்டு நகரவில்லை. வெளியே வறட்டுக்காற்று செம்மண்ணை அள்ளி அள்ளிக் கூரைத் தகரத்தில் போட்டது. மகளிர் அணி எந்த நேரமும் எட்டிப் பார்க்கலாம் என்பதால் எல்லாரும் முகத்துணியை உடுத்திக்கொண்டார்கள். யாவா வாசலில் நின்று மூணு தடவை "வாங்க" என்றாள். அயிதே உள்ளே வந்து கொம்லானைப் பாயில் வைத்தார்.

சங்கு ஊதியது. தெருவில் இடதுபுறம் ஒரு வீடு அழத் தொடங்கியது, பிறகு எதிர்வீடு, பிறகு தெரு முழுதும்.

டோசே மாவுத்தண்ணீரையும் சாராயத்தையும் தரையில் ஊற்றினான். "கொம்லான். கொம்லான். கொம்லான். வீட்டுக்கு வந்துட்டண்ணே. பயணம் ரொம்ப நீளமாப் போச்சு." அயிதேயைப் பார்த்து, "கொண்டுவந்தவரு எப்படிப் போனாருன்னு சொல்லணும். அது முறை. சொல்லுங்க" என்றான்.

அயிதே பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நல்ல மனுஷன். முகாம் அதிகாரிங்களுக்குச் சட்டை தைச்சுப் போடுவாரு. வருஷா வருஷம் பெரியவர் பொறந்தநாளுக்கு ஒரு பெரிய அதிகாரி வருவான். 'ஏய் தையல்காரா, அந்த உடுப்பு குடிகாரன் வெட்டுன வெட்டு இல்ல, கோடு நேரா இருக்கு. யாரு வெட்டுனதுன்னு சொல்லு, இன்னைக்கே வண்டியேத்தி விடுறேன்'பான். எட்டு வருஷமும் கேட்டான். இவரு எட்டு வருஷமும், 'நான்தான்யா, என் கையி குடிச்சாலும் நேராத்தான் போகும்'னு சொல்லுவாரு. எங்களுக்கெல்லாம் சிரிப்பா வரும். நான்கூட ஒருக்கா சொன்னேன், 'யாராவது செத்துப்போனவன் பேரைச் சொல்லிட்டுப் போய்த் தொலையேன்யா'ன்னு. கேக்கலையே. எதுக்குப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தாருன்னு இன்னைவரைக்கும் எனக்குப் புரியல."

அவருக்குப் புரியவில்லை. யாவாவுக்குப் புரிந்தது. எட்டு வருஷமும், வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு பெயரைச் சொன்னால் அவன் வீட்டுக்கு வந்திருக்கலாம். அந்தப் பெயர் பாய்க்கு எதிரில் உட்கார்ந்திருந்தது.

"அண்ணி, நீங்க" என்றான் டோசே.

யாவா வாயைத் திறந்தாள். முதலில் கோழி என்றுதான் வந்தது, நம்புங்கள். "கோழி" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். பாயைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ வெட்டல. நான் வெட்டினேன்."

எதிர்வீட்டு அழுகை மட்டும் கேட்டது.

"அஜோவாவுக்கு ஆறு கஜம் வேணும், அஞ்சுதான் குடுத்தாங்க. பத்தாதுன்னு துணியைத் திருப்பிப் போட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்துச்சு, மேலு கீழு தப்பிப்போச்சு. வெட்டினப்புறம்தான் பார்த்தேன், முகம் அங்க போயிடுச்சு. நீ பார்த்துட்டே. 'வேணாம் யாவா, அவங்களையே இன்னொரு கஜம் கேப்போம்'னு சொன்னே. நான்தான், 'கேட்டா கெட்ட பேரு, இடுப்புல கொசுவம் வச்சுட்டா மறைச்சிடும், யாரு தூக்கிப் பாக்கப்போறா'ன்னு சொன்னேன். நீ தலையில அடிச்சுக்கிட்டே தைச்சே. அவ உக்காந்தப்போ கொசுவம் தூக்கிக்கிச்சு. ஜீப் வந்தப்போ நான் எந்திரிக்கல. நீ எந்திரிச்சே. நீ அன்னைக்குக் குடிக்கல. ஒரு சொட்டுகூடக் குடிக்கல. உன்னைக் குடிகாரன்னு ஊரு சொல்லுச்சு, உங்கப்பா சொன்னாரு, நம்ம மவ சொன்னா. நான் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். இதுதான். வேற ஒண்ணுமில்ல எங்கிட்ட."

அயிதே மெல்ல எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எட்டு வருஷப் புதிர் அவிழ்ந்ததில் அந்த மனிதருக்குத் தோள் குலுங்கியது.

டோசே சாராயப் புட்டியின் மூடியைத் திருகித் திருகி மூடினான். வீட்டைவிட்டுப் போகச் சொல்ல அவனுக்கு முறை இருந்தது. "எங்கண்ணன் செத்தாலும் சொல்ல மாட்டேன்னு வச்சிருந்தாரு" என்றான் கடைசியில். "அவரு கட்டிக் காப்பாத்துனதை நான் போயி என்னத்தச் செய்யிறது. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல அண்ணி. இருங்க. இந்த வீட்டுலயே இருங்க." சொன்னானே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

செனாமே கேட்டாள்: "பள்ளிக்கூடத்துலேர்ந்து தொரத்திவிட்டாங்களே, அன்னைக்கு நான் வந்து அப்பாவைத் திட்டுனேன். ஞாபகமிருக்கா?"

"இருக்கு."

"செத்துத் தொலைஞ்சா நல்லதுன்னு சொன்னேன்."

"சொன்னே."

"நீ அப்ப எங்க இருந்த?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

"என்ன செஞ்சுக்கிட்டு இருந்த?"

"உனக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டு இருந்தேன்."

செனாமே அம்மாவை அடித்திருந்தால் யாவா நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பாள். அவள் அடிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாய்க்கு முன்னால் தரையில் விழுந்து, நெற்றியை மண்ணில் மோதிக்கொண்டு கதறினாள். ஏழு வயசில் அழாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அழுதாள். தெருவில் அழுதுகொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டு, எந்த வீடு அது என்று கேட்டார்கள்.

அந்தச் சத்தத்துக்குத்தான் மகளிர் அணி வந்தது. அஜோவா முன்னால், இரண்டு பெண்கள் பின்னால். அவளும் இப்போது கிழவி. முழங்கால் வீங்கி, கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். அந்த உடுப்பு விவகாரத்தில் அவளையும் மூணு மாசம் உள்ளே வைத்திருந்தார்கள். வெளியே வந்தபின் அவளைப்போல் பெரியவருக்காக உழைத்தவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லை. பயந்தவர்கள்தான் அதிகம் உழைப்பார்கள்.

டோசே பாய்ந்து பாயின் மேல் தன் மேல்துணியைப் போட்டான். அஜோவா அறை வாசலில் நின்றாள்.

"நல்லா இருக்கு. இந்தத் தெருவுல இப்படி அழுற வீடு இது ஒண்ணுதான். மத்ததுங்க எல்லாம் கொட்டாவி விடுதுங்க." கம்பால் செனாமேயைச் சுட்டினாள். "உன் மவளா யாவா இது? இவ அப்பன் பண்ணுன கூத்துக்கு இவ இப்படி அழுறது பெருமைதான். ஆனா நீ ஏன் அழாம உக்காந்திருக்க?"

யாவாவுக்குக் கண்ணீர் வரவில்லை.

அஜோவாவின் பார்வை துணிக்கடியில் இருந்த சின்ன மேட்டில் விழுந்தது. சாராய வாசனை அவள் மூக்கிலும் ஏறியிருக்க வேண்டும். மாவுத்தண்ணீர் கொட்டிய தரையைப் பார்த்தாள். அவளும் இந்தக் கரைக்காரிதானே, பாய் விரித்தால் எதற்கென்று தெரியாதா? குரல் மாறியது.

"என்ன நடக்குது இங்க? ஏம்மா, உன்னைத்தான். யாருக்கு அழுற நீ?"

செனாமே தலையைத் தூக்கினாள். நெற்றியெல்லாம் மண். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மாவும் சித்தப்பாவும், மூணு நாள் முன்னால்தான் வெளியே வந்த அந்தப் பல்லில்லாத மனிதரும் மறுபடி லாரி ஏற வேண்டியதுதான். டோசேயின் கை புட்டியை இறுகப் பிடித்திருந்தது. யாவா மகளைப் பார்த்தாள். சொல்லிவிடு என்றுதான் அவள் மனசில் இருந்தது. என் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடு.

"பெரியவருக்குத்தான்" என்றாள் செனாமே. "வேற யாருக்கு?"

அஜோவா கம்பை மறுபடி ஊன்றிக்கொண்டாள். நம்பினாளா, நம்பியதாக இருக்கட்டும் என்று முடிவு செய்தாளா, தெரியாது. முழங்காலைத் தடவிக்கொண்டு, "சரி, அழு. மறுபடி சங்கு ஊதுறவரைக்கும் அழு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். கம்புச் சத்தம் தெருவில் போனது.

செனாமே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, மேல்துணியை எடுத்துவிட்டு, பாய்க்கு எதிரில் மண்டியிட்டாள்.

"அப்பா" என்றாள். வசவு சேராமல் அந்தச் சொல்லை அவள் சொல்லி இருபத்தேழு வருஷம் ஆகிறது. "யாருக்கு அழுறேன்னு கேட்டாங்கப்பா. உங்களுக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல. உங்களை முன்னாடி வச்சுக்கிட்டே இல்லேன்னுட்டேன். யோசிக்கக்கூட இல்லப்பா. பயத்துல சட்டுன்னு வந்துடுச்சு."

மூக்கை உறிஞ்சினாள். கையால் முகத்தைத் துடைத்தாள். தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"அம்மா, வந்து உக்காரு. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. அது வருமா வராதான்னே எனக்குத் தெரியாது. தனியா உக்கார முடியல, அவ்வளவுதான்."

யாவா எழுந்துபோய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செனாமே நகர்ந்து இடம் விடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.